எல்லை கடக்கும் எரிவாயுக் குழாய்த் திட்டத்தை எடைபோடுவது எப்படி?

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எரிவாயுக் குழாய் வரப்போகிறது என்ற அறிவிப்பு வெளியானால், அதை எந்த அளவுக்கு நம்பலாம், அது நிறைவேறினால் யாருடைய கை ஓங்கும் என்பதை வாசகர் தாமாகவே பெருமளவு கணித்துவிட முடியும். அதற்குப் பொறியியல் பட்டமோ ரகசியத் தகவலோ தேவையில்லை. சில கேள்விகளை விடாமல் கேட்டு, பொதுவெளியில் கிடைக்கும் விவரங்களிலிருந்து விடை தேடினால் போதும். எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் ஒரே உண்மைதான் இருக்கிறது. குழாய் மண்ணுக்குள் இறங்கும்வரை விற்பவர், வாங்குபவர், இடையில் வழிவிடுபவர் ஆகிய மூவருமே விலகிப் போகலாம். இறங்கிய பிறகு, வேறு வழி வைத்திருப்பவர் மட்டுமே விலகிப் போக முடியும், பேரமும் அவர் பக்கமே சாய்கிறது. எண்ணெய்க் கப்பலைப் பாதி வழியில் வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிடலாம். குழாய்க்கு அந்த வசதி கிடையாது.

வாயு எங்கிருந்து வருகிறது?

அறிவிப்பில் நீளமும் செலவும் பெரிய எழுத்தில் இருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு, எந்த எரிவாயு வயலின் வாயு இந்தக் குழாயை நிரப்பும், அந்த வாயு ஏற்கெனவே வேறு யாருக்காவது விற்கப்பட்டுவிட்டதா என்று முதலில் பாருங்கள். இதற்கு விடை இல்லாத திட்டத்தை மேற்கொண்டு ஆராய்வதில் அதிகப் பயனில்லை என்பது என் கருத்து.

நபுக்கோ திட்டத்தின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. காஸ்பியன், மத்தியக் கிழக்குப் பகுதிகளின் வாயுவைத் துருக்கி வழியாக ஆஸ்திரியாவுக்குக் கொண்டுசெல்ல, ஆண்டுக்கு 3,100 கோடி கன மீட்டர் கொள்ளளவில் அது திட்டமிடப்பட்டது. 2009 ஜூலையில் துருக்கி, பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, ஆஸ்திரியா ஆகிய ஐந்து நாடுகள் அங்காராவில் அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கையிலும் கையெழுத்திட்டன. ரஷ்யாவைச் சார்ந்திருப்பதைக் குறைக்க வேண்டும் என்ற அரசியல் விருப்பம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவும் இருந்தது. குழாயை நிரப்ப உறுதிசெய்யப்பட்ட வாயு மட்டும் இல்லை. அதே காலத்தில், டிரான்ஸ் அட்ரியாடிக் என்ற சிறிய குழாய் தனக்கு வேண்டிய வாயுவை அசர்பைஜானின் ஷா டெனிஸ் வயல் ஒன்றிலிருந்தே எதிர்பார்த்தது. 2013 ஜூனில் ஷா டெனிஸ் கூட்டமைப்பு இந்தச் சிறிய குழாயையே தேர்ந்தெடுத்தது. செப்டம்பரில் ஐரோப்பாவின் ஒன்பது நிறுவனங்கள், ஆண்டுக்கு மொத்தம் சுமார் 1,000 கோடி கன மீட்டரை 25 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. அதன் பிறகே, டிசம்பரில், இறுதி முதலீட்டு முடிவு எடுக்கப்பட்டது. 2020 டிசம்பர் 31 அன்று வாயு ஐரோப்பாவை அடைந்தது. வாயு, வாங்குபவர், முதலீடு, எஃகு என்ற இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறிவிப்பு இந்த வரிசையில் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வயலைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள்: வருவது புதிய வாயுவா, பழைய வாயுவுக்குப் புதிய பாதையா? ரஷ்யாவிலிருந்து பால்டிக் கடலடி வழியாக ஜெர்மனிக்கு 1,224 கிலோமீட்டர் நீளத்தில் போடப்பட்டு 2011இல் இயங்கத் தொடங்கிய நார்ட் ஸ்ட்ரீம், ஆண்டுக்கு 5,500 கோடி கன மீட்டர் கொண்டுசெல்லக்கூடியதாக இருந்தது. ஐரோப்பாவுக்கு ரஷ்யா விற்ற வாயுவை அது அந்த அளவுக்கு உயர்த்தவில்லை. உக்ரைன் வழியே போய்க்கொண்டிருந்ததில் ஒரு பகுதி கடலடிக்கு இடம் மாறியது. புதிய பாதை மட்டும் என்றால், திட்டத்தின் உண்மையான விளைவு பழைய பாதையில் இருந்த நாட்டின் மீதுதான் விழும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சீனாவுக்குப் போகும் 'பவர் ஆஃப் சைபீரியா' குழாய்க்கு 2014 மே மாதத்தில் 30 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 3,800 கோடி கன மீட்டர்வரை தருவதற்கான அந்த ஒப்பந்தப்படி, 2019 டிசம்பரில் வாயு பாயத் தொடங்கியது. ஐரோப்பா வாங்காவிட்டால் ரஷ்யா அதே வாயுவைச் சீனாவுக்குத் திருப்பிவிடும் என்று அப்போது பலர் எழுதினார்கள். ஆனால் இந்தக் குழாய் கிழக்குச் சைபீரியாவின் சயாண்டா, கோவிக்டா வயல்களிலிருந்து புறப்படுகிறது. ஐரோப்பாவுக்கு வாயு தந்த மேற்குச் சைபீரிய வயல்களோடு அதற்கு இணைப்பே இல்லை. வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தால் அந்தக் கணிப்பு எழுந்திருக்காது.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

குழாயின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள, செலவு எப்போது விழுகிறது என்று பார்க்க வேண்டும். எஃகு, பதிக்கும் பணி, அழுத்தம் கூட்டும் கம்ப்ரசர் நிலையங்கள் என ஏறக்குறைய முழுச் செலவும் முதல் கன மீட்டர் நகர்வதற்கு முன்பே செய்யப்பட்டுவிடுகிறது. பிறகு ஓட்டுவதற்கு ஆகும் செலவு ஒப்பீட்டளவில் சிறியது.

கற்பனையான ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். கட்டுமானச் செலவு 1,000 கோடி டாலர். கொள்ளளவு ஆண்டுக்கு 3,000 கோடி கன மீட்டர். கடனையும் வட்டியையும் லாபத்தையும் சேர்த்து, முதலீட்டில் 12 சதவீதம் ஆண்டுதோறும் திரும்பி வர வேண்டும் என்றால், அது 120 கோடி டாலர். குழாய் முழுக் கொள்ளளவில் ஓடினால் 1,000 கன மீட்டருக்கு 40 டாலர், அதாவது பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு (பி.டி.யு. என்பது வெப்ப ஆற்றலின் அலகு) சுமார் 1.1 டாலர், கட்டணமாக வசூலிக்க வேண்டும். குழாய் பாதிதான் நிரம்புகிறது என்றால் அதே கட்டணம் 80 டாலராகிறது. திட்டத்தில் வேறு எதுவுமே தவறாமல், அளவு குறைந்த ஒரே காரணத்தால் வாயுவின் விலை ஏறிவிடுகிறது. செய்தியில் வரும் செலவையும் கொள்ளளவையும் வைத்து இந்த எளிய வகுத்தலைச் செய்து, முழுதும், முக்கால், பாதி என மூன்று நிலைகளில் கட்டணம் எப்படி மாறுகிறது என்று எழுதிப் பாருங்கள்.

பெரிய விட்டமுள்ள குழாய்களை நாடுகள் விரும்புவதற்கும் இதே கணக்குதான் காரணம். விட்டத்தை இரட்டிப்பாக்கினால், அதே அழுத்தத்தில் ஐந்து மடங்குக்கும் மேல் வாயு போகும். செலவு அந்த அளவுக்கு உயராது. ஆகவே மலிவான குழாய் என்பது பெரிய குழாய். பெரிய குழாயை நிரப்பப் பெரிய சந்தை வேண்டும். அந்தச் சந்தை எல்லைக்கு அப்பால் இருந்தால், பொருளாதாரக் கணக்கு தானாகவே வெளியுறவுக் கணக்காக மாறிவிடுகிறது.

அடுத்து, இதே வாயுவைக் குளிர்வித்துக் கப்பலில் அனுப்பினால் என்ன ஆகும் என்று ஒப்பிடுங்கள். மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் வாயு திரவமாகி, கொள்ளளவில் ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. திரவமாக்கும் ஆலையின் செலவு, தூரம் எவ்வளவானாலும் மாறாது; குழாயின் செலவோ கிலோமீட்டருக்கு கிலோமீட்டர் ஏறும். எனவே தூரம் கூடக் கூட, கடலின் ஆழம் கூடக் கூட, கப்பலின் பக்கம் தராசு சாயும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு உட்பட்ட நிலவழியில் பெரும்பாலும் குழாயே மலிவு. இந்த வரம்பைத் தாண்டிய குழாயை ஒரு நாடு வற்புறுத்துகிறது என்றால், அதன் காரணத்தைக் கணக்கேட்டுக்கு வெளியேதான் தேட வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தில் எதைத் தேடுவது?

இவ்வளவு பணத்தை முன்கூட்டியே புதைப்பவர், வாங்குபவர் ஓடிவிடாமல் கட்டிப்போட விரும்புவது இயல்பு. அதற்கான கருவிதான் 'டேக் ஆர் பே' என்ற நிபந்தனை. ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவை வாங்கியே ஆக வேண்டும். வாங்காவிட்டாலும் அதற்கான பணத்தைக் கட்ட வேண்டும். அளவில் வரும் ஏற்ற இறக்கத்தின் ஆபத்து இதனால் வாங்குபவர் தலையிலும், விலையில் வரும் ஆபத்து விற்பவர் தலையிலும் விழுகிறது. ஒப்பந்தத்தின் முழு வாசகம் பெரும்பாலும் வெளியாவதில்லை. ஆனாலும் கால அளவு, ஆண்டு அளவு, குறைந்தபட்ச அளவு, விலை எதனோடு இணைக்கப்பட்டிருக்கிறது, அதை மறுபரிசீலிக்க வழி இருக்கிறதா ஆகியவை எப்படியோ செய்திகளில் கசிந்துவிடும். கச்சா எண்ணெயோடு இணைந்த விலையும், நெதர்லாந்தின் டி.டி.எஃப். போன்ற சந்தை மையத்தோடு இணைந்த விலையும் ஒரே ஆண்டில் எதிரெதிர்த் திசையில் போகக்கூடும். அப்போது யாருக்கு ஒப்பந்தம் கசக்கிறதோ அவர் அதைத் திறக்கச் சொல்வார்.

விலை முடிவாகாத ஒப்பந்தத்தை ஒப்பந்தமாகவே எண்ண வேண்டாம். மேற்குச் சைபீரியாவிலிருந்து மங்கோலியா வழியாகச் சீனாவுக்குப் போக வேண்டிய 'பவர் ஆஃப் சைபீரியா 2' குழாய்க்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் குறிப்பாணை கையெழுத்தாகிவிட்டதாக 2025 செப்டம்பரில் ரஷ்ய அரசின் வாயு நிறுவனமான காஸ்ப்ரோம் அறிவித்தது. அந்த வேளையிலும் விலை பேசி முடிக்கப்பட்டிருக்கவில்லை. சீனா ஏன் அவசரப்படவில்லை என்பதற்கு விடை, பின்னால் வரும் மாற்று வழிக் கேள்வியில் இருக்கிறது.

இடையில் இருக்கும் நாடு

குழாய் மூன்றாவது நாடு ஒன்றின் வழியாகப் போகிறது என்றால், அந்த நாட்டுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கட்டணமாகப் பணம் மட்டும் கிடைக்கிறதா, வாயுவும் கிடைக்கிறதா? தன் மின்நிலையங்களே அந்த வாயுவில் ஓடினால், குழாயை மூடும் நாடு தானும் இருளில் மூழ்கும். அல்ஜீரியாவிலிருந்து துனீசியா வழியாக இத்தாலிக்குப் போகும் டிரான்ஸ்மெட் குழாய் 1983 முதல் பல அரசியல் புயல்களைத் தாண்டி ஓடுவதற்கு, துனீசியா அந்த வாயுவைத் தானும் எரிப்பது முக்கியமான காரணம் என்று கருதுகிறேன்.

ஆனால் இடைநாட்டின் பலம் நிரந்தரமானது அன்று. அல்ஜீரிய வாயு மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்குப் போக 1996இல் ஒரு குழாய் இயங்கத் தொடங்கியது. மொராக்கோவுக்கு வழிக்கட்டணமும் வாயுவும் கிடைத்தன. இரண்டு மின்நிலையங்கள் அந்த வாயுவை நம்பி இயங்கின. 2011இல் மெட்காஸ் என்ற கடலடிக் குழாய் அல்ஜீரியாவையும் ஸ்பெயினையும் நேரடியாக இணைத்தது. அந்த நாளிலிருந்து மொராக்கோவின் பேரம் பேசும் பலம் கரையத் தொடங்கிவிட்டது, அது வெளியே தெரியப் பத்தாண்டுகள் பிடித்தாலும். 2021 ஆகஸ்டில் அல்ஜீரியா மொராக்கோவுடன் தூதரக உறவை முறித்தது. அக்டோபர் 31 அன்று காலாவதியான வழிக்கட்டண ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மொராக்கோவின் இரண்டு மின்நிலையங்களும் நின்றன. 2022 ஜூனிலிருந்து அதே குழாயில் வாயு எதிர்த்திசையில், ஸ்பெயினிலிருந்து மொராக்கோவுக்கு, பாயத் தொடங்கியது. மொராக்கோ உலகச் சந்தையில் திரவ வாயுவை வாங்கி, ஸ்பெயினின் முனையங்களில் மீண்டும் வாயுவாக்கி எடுத்துக்கொள்கிறது. ஒரே குழாயில், வழிவிட்டவர் வாடிக்கையாளராக மாறிவிட்டார்.

இடைநாடுகள் ஒன்றுக்கு மேற்பட்டால் சிக்கல் கூட்டலாக வளர்வதில்லை, பெருக்கலாக வளர்கிறது. துர்க்மெனிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவின் பாசில்காவரை 1,814 கிலோமீட்டர் நீளும் 'டாப்பி' குழாய்க்கு வாயு ஒரு தடையே அன்று. துர்க்மெனிஸ்தானின் கல்கினிஷ் உலகின் மிகப் பெரிய வயல்களுள் ஒன்று. ஆண்டுக்கு 3,300 கோடி கன மீட்டர் என்ற அளவும் சந்தைக்குப் பொருந்துகிறது. 2015 டிசம்பரில் துர்க்மெனிஸ்தானிலும், 2018 பிப்ரவரியில் ஆப்கன் பகுதிக்கும், 2024 செப்டம்பரில் மீண்டும் ஆப்கன் பகுதிக்கும் தொடக்க விழாக்கள் நடந்துவிட்டன. கடைசி வாங்குபவரான இந்தியாவின் வாயு, அதனோடு பகைமை பாராட்டும் பாகிஸ்தானின் மண்ணைக் கடந்து வர வேண்டும். கடன் தருபவர் இதைப் பார்த்தே கையைக் கட்டிக்கொள்கிறார்.

யாருக்கு மாற்று வழி இருக்கிறது?

நீங்கள் ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால் இதற்கு ஒதுக்குங்கள். ஒரு தாளில் விற்பவர், வாங்குபவர் என இரண்டு பத்தி பிரித்து, நாளையே குழாய் நின்றால் இவர் வாயுவை எங்கே விற்பார், அவர் எங்கிருந்து வாங்குவார், அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று எழுதுங்கள். எந்தப் பத்தி காலியாக இருக்கிறதோ அவர் மற்றவர் சொல்லும் விலைக்கு இறங்கி வருவார்.

விற்பவரே எப்போதும் வலியவர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. துர்க்மெனிஸ்தானுக்கு 2009இல் நேர்ந்ததைப் பாருங்கள். அதன் வாயு ஏறக்குறைய முழுவதும் சோவியத் காலக் குழாய்களில் வடக்கே ரஷ்யாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஐரோப்பிய விலைக்கு ஈடான விலை தருவதாக காஸ்ப்ரோம் முந்தைய ஆண்டில்தான் ஒத்துக்கொண்டிருந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்து ஐரோப்பாவின் தேவை குறைந்ததும், அந்த விலையில் வாங்குவது ரஷ்யாவுக்கு நட்டமானது. 2009 ஏப்ரலில் உஸ்பெக் எல்லைக்கு அருகே குழாய் வெடித்தது. முன்னறிவிப்பு இல்லாமல் ரஷ்யத் தரப்பு வாயு எடுப்பதைத் திடீரெனக் குறைத்ததால் குழாயில் அழுத்தம் ஏறிவிட்டது என்று துர்க்மெனிஸ்தான் குற்றம்சாட்டியது. ஏற்றுமதி பல மாதங்கள் நின்று, 2010 ஜனவரியில் முன்பைவிடக் குறைந்த அளவிலேயே தொடங்கியது. அதற்குள், 2009 டிசம்பரில், உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான் வழியாகச் சீனாவுக்குப் போகும் குழாய் திறக்கப்பட்டிருந்தது. ஒற்றை வாங்குபவரிடமிருந்து தப்பிக்கப் போட்ட குழாய், காலப்போக்கில் இன்னொரு ஒற்றை வாங்குபவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது 'பவர் ஆஃப் சைபீரியா 2' விலைப் பேச்சில் சீனா ஏன் பொறுமையாக இருக்கிறது என்பது புரிந்திருக்கும். அதற்கு மத்திய ஆசியக் குழாய்கள் இருக்கின்றன, கடற்கரை நெடுகத் திரவ வாயு முனையங்கள் இருக்கின்றன. மேற்குச் சைபீரிய வயல்களுக்கோ ஐரோப்பியச் சந்தை பெரும்பாலும் போய்விட்டது.

வாங்குபவர் மாட்டிக்கொண்டதற்கு சிலி சாட்சி. 1990களில் அண்டைநாடான அர்ஜென்டினாவின் மலிவான வாயுவை நம்பி ஆண்டிஸ் மலையைத் தாண்டிக் குழாய்கள் போடப்பட்டன. அர்ஜென்டினா தன் நாணயச் சரிவுக்குப் பின் உள்நாட்டு வாயு விலையை உறையவைத்தது. உற்பத்தியில் முதலீடு வறண்டது. உள்நாட்டில் தட்டுப்பாடு வந்ததும் 2004 முதல் ஏற்றுமதியை வெட்டத் தொடங்கியது. இதில் பகைமை எதுவும் இல்லை. தன் குடிமக்களுக்கும் அயல்நாட்டு ஒப்பந்தத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால் எந்த அரசும் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதே விஷயம். எனவே விற்கும் நாட்டின் உள்நாட்டு விலைக் கொள்கையையும் தேவை வளர்ச்சியையும் கட்டாயம் பாருங்கள். சிலி 2009இல் கின்டெரோவில் திரவ வாயு முனையத்தைத் திறந்துதான் மூச்சுவிட்டது.

மாற்று வழி பயன்படுத்தப்படாமலே பயன் தரும் என்பதற்கு லித்துவேனியா எடுத்துக்காட்டு. காஸ்ப்ரோம் ஒன்றையே நம்பியிருந்த அந்நாடு மிதக்கும் திரவ வாயு முனையம் ஒன்றை ஏற்பாடு செய்தது. கப்பல் க்ளைபெடா துறைமுகத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே, 2014இல், காஸ்ப்ரோம் விலையைக் குறைத்துவிட்டது.

இருவருக்குமே வேறு வழி கடினம் என்றால் குழாய் வியக்கத்தக்க உறுதியோடு நிற்கும். கத்தாரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கடலடியில் போகும் டால்ஃபின் குழாய், 2017 ஜூன் முதல் 2021 ஜனவரிவரை அமீரகம் கத்தாரைப் புறக்கணித்து வான்வழியையும் கடல்வழியையும் அடைத்திருந்த காலம் முழுவதும் தடையின்றி ஓடியது. அமீரகத்தின் மின்நிலையங்களுக்கு அந்த மலிவான வாயு தேவைப்பட்டது. கத்தாருக்கோ, நம்பகமான விற்பனையாளர் என்ற பெயர் உலகச் சந்தைக்குத் தேவைப்பட்டது.

வெளியே நிற்பவர்களின் கை

குழாயில் பங்கே இல்லாத நாடுகளும் அதை நிறுத்த முடியும். எந்தக் கண்ணியைப் பிடித்து இழுத்தால் சங்கிலி அறும் என்று தேடுங்கள். 2019 டிசம்பரில் அமெரிக்கா, நார்ட் ஸ்ட்ரீமை அடுத்து பால்டிக் கடலடியில் போடப்பட்டுவந்த இரண்டாவது திட்டமான நார்ட் ஸ்ட்ரீம் 2 மீது தடை விதித்தபோது, வாயுவையோ வாங்குபவரையோ தொடவில்லை. ஆழ்கடலில் குழாய் பதிக்கும் கப்பல்களைக் குறிவைத்தது. அத்தகைய கப்பல்கள் உலகில் மிகச் சிலவே. பணியைச் செய்துகொண்டிருந்த ஆல்சீஸ் நிறுவனம் உடனடியாக வேலையை நிறுத்தியது. ரஷ்யா தன் சொந்தக் கப்பல்களைக் கொண்டுவந்து 2021 செப்டம்பரில் வேலையை முடித்தது. 2022 பிப்ரவரி 22 அன்று ஜெர்மனி சான்றளிப்பை நிறுத்தியது. அந்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று நடந்த வெடிப்புகளில் இரு திட்டங்களின் நான்கு குழாய்களில் மூன்று உடைந்தன.

ஈரான்–பாகிஸ்தான் குழாயில் நிலைமை வேறு. ஈரான் தன் பக்கக் குழாயைப் பெருமளவு போட்டு முடித்திருக்கிறது. அமெரிக்கத் தடைகளுக்கு அஞ்சி பாகிஸ்தான் தன் பக்கத்தைப் போடவில்லை, போடாததற்கான தண்டத்தொகையின் அச்சமும் அதன் தலைக்கு மேல் இருக்கிறது. சட்டங்களையும் இதே பார்வையில் படியுங்கள்: 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் வாயுச் சந்தை விதிகளை வெளிநாட்டிலிருந்து வரும் குழாய்களுக்கும் விரித்தது. குழாயின் உரிமையாளரும் வாயு விற்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற அந்த விதி, ஒரு திட்டத்தின் உரிமை அமைப்பையே மாற்றச் சொல்லக்கூடியது.

குழாய் ஓடத் தொடங்கிய பின் கவனிக்க வேண்டியவை

ஐரோப்பாவைப் பொறுத்தவரை, எல்லை நுழைவிடங்களில் அன்றாடம் பாயும் அளவை குழாய் இயக்குநர்களின் கூட்டமைப்பான என்ட்சாக் இணையத்தில் வெளியிடுகிறது. சேமிப்புக் கிடங்குகளின் இருப்பும் தினமும் வெளியாகிறது. 2021 இலையுதிர் காலத்தில், ஜெர்மனியின் மிகப் பெரிய கிடங்கான, அப்போது காஸ்ப்ரோம் குழுமத்தின் வசமிருந்த ரேடன், குளிர்காலம் நெருங்கியும் கிட்டத்தட்டக் காலியாகவே கிடந்தது. மற்றவர்களின் கிடங்குகள் ஓரளவு நிரம்பியிருந்தன. அந்த ஒரு வேறுபாடு, அரசுகள் உரக்கப் பேசத் தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திரையில் இருந்தது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவிடமிருந்து குழாய் வழியாக மட்டும் சுமார் 14,000 கோடி கன மீட்டர் வாங்கியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தச் சிறு குறிப்பின் எடை புரியும்.

ஒப்பந்தங்களின் முடிவுத் தேதிகளையும் குறித்துவையுங்கள். உக்ரைன் வழியாக ரஷ்ய வாயு போவதற்கான ஐந்தாண்டு ஒப்பந்தம் 2019 டிசம்பரில் கையெழுத்தான அன்றே, அது 2024 இறுதியில் முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது புதுப்பிக்கப்படாமல் முடிந்தபோது ஆஸ்திரியாவுக்கு வேறு வாயு கிடைத்தது. மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவிலோ 2025 ஜனவரி 1 அன்று வீடுகளுக்கு வெப்பமும் வெந்நீரும் நின்றுபோயின. நீங்கள் கவனிக்கும் குழாயின் ஒப்பந்தம் என்று முடிகிறது என்று கண்டுபிடித்து, அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பிருந்தே இரு தரப்பும் வேறு முனையங்களையும் வேறு இணைப்புகளையும் கட்டுகின்றனவா என்று பார்க்கத் தொடங்குங்கள்.